சிரமத்துக்கு வருந்துகிறோம்

— அப்ப நேத்து லிஃப்ட் கதவு திறந்ததும் என்னைப் பாத்துட்டு, திரும்பிப் படியேறிப் போனியே. அது உடம்பு இளைக்கவா?

— இல்லக்கா. சத்தியமா அவசரம்.

— லிஃப்டை விடப் படி வேகம்னு இன்னைக்குத்தான் தெரியுது. அது கிடக்கட்டும், உள்ள வா. அந்தச் சேர் அடுக்கை ஓரமா தள்ளிட்டு உக்காரு. வாடகைக்குக் குடுத்தவன் இன்னும் எடுத்துட்டுப் போகல. துக்கம் கேக்க வந்த ஜனமெல்லாம் போயாச்சு, சேருங்க மட்டும் போக மாட்டேங்குது.

— உக்கார வரலக்கா. மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுறேன். அன்னைக்கு அண்ணனைக் கொண்டுவந்து வச்சிருந்தப்ப, உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நான் சொன்னது... நினைச்சாலே உடம்பு கூசுது.

— என்ன சொன்ன? உன் வாயாலயே இன்னொரு தடவை கேக்குறேன்.

— வேண்டாங்க்கா.

— சொல்லுடி.

— "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

— அதே குரல். அப்படியே போன்ல கேக்குற மாதிரி.

— சிரிக்காதீங்க. வேலையிலருந்து நேரா ஓடி வந்தேன். காலையிலருந்து அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். வாஷிங் மெஷின் ஒழுகுதுன்னு ஒருத்தர், மெக்கானிக் வரவே இல்லன்னு ஒருத்தர், வந்தவன் இருந்ததையும் கெடுத்துட்டான்னு இன்னொருத்தர். எல்லாருக்கும் அந்த ஒரே வரி. உங்க முகத்தைப் பாத்ததும் வேற வார்த்தை வரல, வாய் அதுபாட்டுக்கு அதைச் சொல்லிடுச்சு. உங்க கொழுந்தனார் முறைச்ச முறைப்புல நான் பாதி செத்துட்டேன்.

— அவன் பச்சைக் குழந்தையக்கூட அப்படித்தான் பாப்பான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, தெரியுமா?

— என்னது?

— துண்டுல முகத்தைப் பொத்திக்கிட்டேன். தோள் குலுங்குது. நான் உடைஞ்சு அழுறேன்னு நினைச்சு எல்லாரும் ஓடி வந்தாங்க. ஒருத்தி தண்ணி குடுக்குறா, பெரியம்மா முதுகைத் தடவுறாங்க, எனக்கு இன்னும் சிரிப்பா வருது. அது எந்த இடத்துல அழுகையா மாறுச்சுன்னு எனக்கே தெரியல. அதுவரைக்கும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரல.

— அக்கா...

— நீ கேளு. அன்னைக்கு வந்த அத்தனை பேரும் சாரி சொன்னாங்க. அவர் ஆபீஸ்லருந்து வரிசையா வந்து, கையைப் பிடிச்சு சாரி, சாரி, சாரி. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நீங்களாப்பா அவர் நெஞ்சை நிறுத்துனீங்க? பண்ணாத தப்புக்கு எதுக்கு மன்னிப்பு? பதிலுக்கு நான் "பரவாயில்ல"ன்னு சொல்லணுமா? அதை எந்த வாயால சொல்றது?

— வேலைக்குச் சேந்த புதுசுல எனக்கும் அதே கோவம்தாங்க்கா. மெஷினைக் கெடுத்தது நானா, நான் எதுக்குச் சாரி சொல்லணும்னு. ஒரு நாள் ஒரு அம்மா கூப்பிட்டாங்க. எடுத்ததும் ஒரே கத்தல். கொஞ்ச நேரத்துல பாத்தா அழுகை. வீட்டுக்காரர் படுத்த படுக்கையாம். நாள் பூரா துணி நனையுது, கையால துவைச்சு விரலெல்லாம் வெடிச்சுப் போச்சும்மாங்கிறாங்க. அவங்க மெஷினுக்கு வேண்டிய பார்ட்ஸ் எங்ககிட்ட இல்லவே இல்ல. "சாரிம்மா"ன்னேன். வேற ஒண்ணும் செய்யலக்கா. அவங்க, "முழுசாக் கேட்டியே, அதுவே போதும்"னாங்க.

— ம்.

— சரி பண்ண முடியாதப்ப சொல்ற வார்த்தை அது, அக்கா. கையில குடுக்க ஒண்ணுமில்ல, ஆனா விட்டுட்டுப் போகவும் மனசு வரல. அண்ணனைத் திருப்பித் தர யாரால முடியும்? நாம மட்டும் நல்லா நிக்கிறோமேன்னு ஒரு கூச்சம். அதுக்குத்தான் சாரி சொல்றாங்கன்னு நினைக்கிறேன்.

— இவ்வளவு தெரிஞ்சவ இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

— அன்னைக்குத்தான் கஸ்டமர் கேர் பேசிட்டேனே.

— எனக்கு அதுல கோவமே இல்லடி. பாதியில ஓடினியே, அதுலதான்.

— சொல்லி முடிச்சுட்டுத்தானேக்கா ஓடினேன்?

— அந்த ஒரு வரியோட நீ எங்க நிறுத்துன? அடுத்ததும் வந்துச்சு. "வேறு ஏதேனும் உதவி தேவையா?"

— கடவுளே. அது போனை வைக்கிறதுக்கு முன்னால கேக்குறது, அக்கா.

— வந்தவங்கள்ல அதைக் கேட்டது நீ ஒருத்திதான். நான் ஆமான்னு சொன்னேன். நிமிந்து பாத்தா, யார் செருப்பையோ மாட்டிக்கிட்டு நீ கீழ இறங்கிக்கிட்டிருக்க.

— என் காதுல விழவே இல்லக்கா. சரி, இப்பக் கேக்குறேன். மனசாரக் கேக்குறேன். என்ன செய்யணும்?

— ஒரு போன் பேசணும். எனக்கு வாய் வரல. இப்ப அந்த போன் வந்துடும்.

— பேங்க்கா? இன்சூரன்ஸா? அதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு.

— என் மாமியார்.

— ஐயோ பாவம். ஆபரேஷன் ஆகி மகள் வீட்டுல இருக்காங்கல்ல? அதனாலதானே வர முடியாமப் போச்சு.

— டாக்டர் நேத்துத்தான் சொன்னாராம், தையல் ஆறிடுச்சு, இனி அவங்ககிட்ட எதையும் பேசலாம்னு. கொழுந்தன் என் போனையே எடுக்க மாட்டேங்கிறான். பக்கத்துலயே இருக்குற நாத்தனார், என்னால முடியாது அண்ணின்னு அழுறா.

— அக்கா, போன் அடிக்குது.

— அவங்கதான். நீ கையை விடாத.

— விடல. என்ன பேசணும்னு சொல்லுங்க.

— தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டு, என் பிள்ளையை ஏன் பேசவே விட மாட்டேங்குறன்னு கேக்குறாங்க. தொண்டை கட்டியிருக்கு அத்தை, வெந்நீர் வச்சுக் குடுத்திருக்கேன், நாளைக்கு அவரே பேசுவார்னு நேத்துச் சொல்லிட்டேன்.