குடிநீர் அலுவலகத் திரையில் வந்த வரி

மேலே எழுதிய பெயரும் விலாசமும் என்னுடையவைதான். வயது ஐம்பத்திரண்டு. துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறேன். நான்காவது வரை படித்தேன். புருஷன் இல்லை. ஒரே மகள், இணையதளங்களில் திருடன் நுழைய வழியிருக்கிறதா என்று சோதிக்கும் கம்பெனியில் இருந்தாள். மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள்.

அதற்கு முன் அவளுக்குக் குடிநீர் அலுவலகத்தின் தளத்தைச் சோதிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். கம்பெனி மேலாளர் சம்மதத்தோடு, அவள் பெயரில் இருக்கும் எங்கள் வீட்டு இணைப்பை வைத்தே சோதித்தாள். பிறகு ஃபோனில் அவரோடு வாதாடியதை, துணி தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

"சார், விலாசம் எழுதுற இடத்துல கட்டளைய எழுதிப் போட்டேன். இப்ப ஒண்ணும் ஆகல. ஆனா அது உள்ள போய்ப் படுத்துக்கும். ஆபீஸ்ல யாராவது திறந்தாத்தான் எந்திரிக்கும். அங்கயும் பாக்கணும் சார்."

"நீ பேய்க்கதை எழுதப் போம்மா" என்று அவர் சிரித்தது எனக்கே கேட்டது. அதன்பின் குறையே இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டார்.

மகள் போன பிறகு இணைப்பை என் பெயருக்கு மாற்ற அந்த அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் எங்கள் கணக்கைத் திறந்ததும் திரை நடுவில் ஒரு கட்டம் வந்தது. 'அம்மா, கதவு திறந்திருக்கு' என்று இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குள் வரும்போது அவள் தினமும் சொல்வது அது. நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு திறந்துதான் கிடந்தது. யாரும் இல்லை.

"என்னம்மா இது, கம்ப்யூட்டர் உங்கள அம்மாங்குது" என்றான். மூடித் திறந்தான். மறுபடி வந்தது. "இன்னொரு தடவை திற தம்பி" என்றேன். அவன் எழுந்து போனவன் வரவேயில்லை.

அதன்பின் குழாய் ஒழுகுது, மீட்டர் ஓடலை என்று ஏதாவது சொல்லிக்கொண்டு பல நாள் போய் நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழித்துவிடுவார்கள்.

இப்போது அந்த வழியாகவே யாரோ நுழைந்து ஊராருடைய வங்கி விவரங்களை எடுத்துவிட்டார்கள். என் மகள் வழியைக் கண்டுபிடித்து, தன்னிடம் மறைத்து, வெளியே விற்றுவிட்டாள் என்று மேலாளர் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். விற்கிறவள் தன் வீட்டுக் கணக்கிலேயே இப்படி ஒரு வரியை அடையாளமாக வைப்பாளா? அதனால்தான் நானே வந்து சொல்கிறேன்.

ஓட்டையை அடைத்தால் அந்த வரி வராது என்று அதிகாரி சொன்னார். அடைக்கட்டும். அதற்கு முன் மேலாளரைக் கூட்டிவந்து அந்தக் கவுண்டர் நாற்காலியில் உட்காரவைத்து, அவர் கையாலேயே எங்கள் கணக்கைத் திறக்கச் சொல்ல வேண்டும். அப்போது நான் அவர் பின்னால் நிற்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, பொய் இல்லை.

(ஒப்பம்)