இருபது நிமிட எளிய நடை

அண்ணன்: நில்லுங்க, நில்லுங்க. புத்தகத்துல என்ன போட்டிருக்கு? 'படகுத்துறையிலிருந்து அருவிக்கு இருபது நிமிட எளிய நடை.' அப்போ இது எளிய நடைதான். நடங்க.

தங்கை: அண்ணே, ரெண்டு மணி நேரமா நடக்கிறோம்.

அண்ணன்: நீங்க நடக்கிற லட்சணத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது. அதுக்குப் புத்தகம் என்ன பண்ணும்?

தங்கை: வேர் தடுக்கி ரெண்டு பேர் விழுந்தாச்சு. பேங்க் மேனேஜர் அறுந்த செருப்பைக் கையில தூக்கிட்டு வர்றார்.

அண்ணன்: அந்தாளை நம்ம காலை நடைச் சங்கத்துல சேர்த்ததே தப்பு. பூங்காவை ஒரு சுத்து சுத்திட்டு பெஞ்சுல உட்கார்ற ஆளு.

தங்கை: நீ?

அண்ணன்: நான் தலைவர். நான் உட்கார்ந்தா அது மேற்பார்வை.

மாப்பிள்ளை: மச்சான்... கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போகலாமா?

அண்ணன்: தாராளமா. 'வழியெங்கும் குடிநீர்க் குழாய்கள்'னு போட்டிருக்கு. எங்கயாவது தெரியுதா மாப்ள?

மாப்பிள்ளை: ...இல்ல மச்சான்.

அண்ணன்: நல்லாப் பாருங்க. கொடி மூடியிருக்கும்.

தங்கை: அப்புறம் ஏதோ படிக்கட்டுன்னியே?

அண்ணன்: 'கைப்பிடியுடன் கூடிய கல் படிக்கட்டு.' இதோ, ஏறு.

தங்கை: இது பாறை.

அண்ணன்: பாறை கல்லா, இல்லையா?

தங்கை: கைப்பிடி?

அண்ணன்: அந்த விழுதைப் பிடிச்சுக்கோ. எல்லாத்துக்கும் குறை சொல்லிக்கிட்டு... அய்யய்யோ, வாத்தியார் மறுபடி உட்கார்ந்துட்டார். பதினாலு பேரைக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள என் பாடு. இருங்க, பார்த்துட்டு வர்றேன்.

தங்கை: ஏங்க. இப்படி வாங்க.

மாப்பிள்ளை: மெதுவா பேசு.

தங்கை: மெதுவாத்தான் கேக்கிறேன். அந்தக் குழாயை எங்க வெச்சீங்க?

மாப்பிள்ளை: அது நான் எழுதினதில்ல, எங்க சுற்றுலா ஆபீஸ்ல சேர்த்த வரி. எல்லா இடத்துக்கும் சேர்ப்பாங்க. மலையா இருந்தாலும் சரி, மியூசியமா இருந்தாலும் சரி.

தங்கை: மீதியெல்லாம் நீங்க எழுதினதுதானே? அப்போ இங்க வந்து பார்த்துத்தான் எழுதினீங்கன்னு நான் நினைச்சேன்.

மாப்பிள்ளை: எங்க வர விட்டாங்க? திங்கக்கிழமை எழுதச் சொன்னாங்க, புதன்கிழமை அச்சுக்குப் போயிடுச்சு. நாப்பத்திரண்டு அருவி. ஒவ்வொண்ணுக்கும் கிளம்பிப் போயிருந்தா இந்நேரம் ஒன்பதாவது அருவியிலதான் நின்னுட்டிருப்பேன்.

தங்கை: பார்க்காமலே மூணு பக்கமா?

மாப்பிள்ளை: பார்த்தவர் ஒருத்தர்கிட்ட கேட்டதைத்தான் எழுதினேன். ரொம்ப நம்பகமான ஆளு.

தங்கை: யாரு அந்த மகராசன்?

மாப்பிள்ளை: இப்போ எதுக்கு அது... அடுத்த மாசம் வேலை நிரந்தரமாகப் போகுது. ஏழு வருஷமா 'தற்காலிகம்'னு போட்டுக் கையெழுத்து வாங்குறாங்க. இந்த நேரத்துல ஒரு புகார் போச்சுன்னா அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

தங்கை: யாரு புகார் கொடுக்கப் போறா? அண்ணன் அந்தப் புத்தகத்தைக் கண்ணுல ஒத்திக்கிறான். நீங்க ஆபீஸ்ல கோப்பு அடுக்குறீங்கன்னுதான் அவன் இன்னும் நினைச்சிட்டிருக்கான். அப்படியே இருக்கட்டும். வாயை மட்டும் திறக்காதீங்க... வர்றான்.

அண்ணன்: மாப்ள, பேனா வெச்சிருக்கீங்களா?

மாப்பிள்ளை: எதுக்கு மச்சான்?

அண்ணன்: மனு எழுதணும். சுற்றுலா அலுவலக இயக்குநருக்கு.

தங்கை: என்னண்ணே திடீர்னு? இவ்வளவு நேரம் புத்தகத்தைத் தலையில வெச்சு ஆடினே?

அண்ணன்: அங்க நிலவரம் சரியில்லம்மா. தலைவரை மாத்தணும்னு வாத்தியார் பேச்செடுக்கிறார். மேனேஜர் செருப்பை ஆட்டி ஆட்டி ஆமாங்கிறார். நான் சொல்லிட்டேன், தப்பு தலைவர் மேல இல்ல, புத்தகத்து மேலன்னு. எல்லாரும் கையெழுத்துப் போடறாங்க. எழுதினவன் சீட்டு கிழியணும்.

மாப்பிள்ளை: சீட்டு... கிழியற அளவுக்கா மச்சான்?

அண்ணன்: பின்னே? நீங்க அதே ஆபீஸ்லதானே இருக்கீங்க. எழுதினவன் யாருன்னு நாளைக்கே விசாரிச்சு எனக்குச் சொல்லணும். இப்போ எழுதுங்க. 'ஐயா, அருவிக் கையேட்டை எழுதிய முட்டாள்...'

மாப்பிள்ளை: 'முட்டாள்' வேண்டாமே. 'கவனக்குறைவான ஊழியர்'னு போடலாம். மனு பார்க்க மரியாதையா இருக்கும்.

அண்ணன்: உங்க மனசு தங்கம் மாப்ள. அடுத்த வரி. 'இவருக்குக் குடும்பம் இருக்கிறதா என்று தெரியவில்லை.'

தங்கை: இருக்குண்ணே.

அண்ணன்: உனக்கெப்படித் தெரியும்?

தங்கை: எல்லாருக்கும் இருக்கும்ல... அதை விடு, அங்க முன்னாடி என்ன? வழி ரெண்டாப் பிரியுது.

அண்ணன்: பிரியாதே. புத்தகத்துல பிரியலயே.

தங்கை: கண்ணைத் திறந்து பாரு. ஒண்ணு இறங்குது, ஒண்ணு ஏறுது. மணி ரெண்டே முக்கால். அஞ்சு மணிக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்னு படகுக்காரர் சொல்லியிருக்கார். நீதான் மூணு தடவை வந்திருக்கியே, எந்தப் பக்கம்னு சொல்லு.

அண்ணன்: தெரியும்மா. தெரியாம என்ன? காடுதான் மாறிப் போச்சு... தண்ணி சத்தம் எந்தப் பக்கம் கேக்குது?

தங்கை: மேனேஜர் மூச்சு வாங்குற சத்தம்தான் கேக்குது.

அண்ணன்: அப்போ... ஏறுவோம். அருவின்னா மேலதானே இருக்கும்.

மாப்பிள்ளை: வேண்டாம் மச்சான்.

தங்கை: ஏங்க...

மாப்பிள்ளை: இரு, சொல்லிடறேன். இந்தப் புத்தகத்தை நம்பிப் பதினாலு பேரும் இன்னும் உள்ள போனா, படகு போயிடும், காட்டுல மாட்டிக்குவோம். வேலை போனா போகட்டும். மச்சான், இதை எழுதினது நான்தான்.

அண்ணன்: ...எதை, மனுவையா?

மாப்பிள்ளை: புத்தகத்தை. நான் கோப்பு அடுக்கல, கையேடு எழுதறேன். இந்த அருவியை நான் கண்ணால பார்த்ததே இல்ல.

அண்ணன்: மாப்ள... நீங்களா? பார்க்காம எப்படி எழுத மனசு வந்துச்சு? வயசானவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேனே, யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மாப்பிள்ளை: கேட்டேன் மச்சான். உங்ககிட்டதான் கேட்டேன்.

தங்கை: அந்த நம்பகமான ஆளு இவனா?

மாப்பிள்ளை: வேற யாரு? நான் மாப்பிள்ளையா வந்த புதுசுல சோபாவுல உட்கார வெச்சு ஒரு மணி நேரம் சொன்னார். மூணு அடுக்கு, இருபது நிமிஷம், கல்படி, கைப்பிடி... போன வருஷம் மறுபடி கேட்டேன், அப்பவும் ஒரு வார்த்தை மாறாம அதையேதான் சொன்னார். வீட்டுக்குள்ளயே போயிட்டு வந்த ஆளு இருக்கும்போது நான் வேற யாரைப் போய்க் கேப்பேன்?

தங்கை: அண்ணே. எல்லாரும் எழுந்து வர்றாங்க. இடமா, வலமா, திரும்பிப் போறதா, ஏதாவது ஒண்ணு சொல்லு.

அண்ணன்: திரும்பிடுவோம்... மெதுவாப் பேசும்மா, வாத்தியார் காதுல விழுந்துடப் போகுது. மாப்ள, அந்த மனுவைக் கிழிச்சு உங்க பையிலயே போட்டுக்குங்க. உங்க மேல தப்பே இல்ல. இந்தப் புத்தகம் வந்த பிறகுதான் எனக்கே கிளம்பற தைரியம் வந்துச்சு. நான் படகுல காலை வெச்சதே இன்னிக்குத்தான்.