ஓம் என்று அழுத்திய விரல்

"கொம்பியூட்டர் கேட்டது, நான் ஓம் எண்டிட்டன்."

மூதூர் போகும் லோஞ்சுப் படகில் ஏறுவதற்கான இராணுவச் சோதனை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நிவாரண அலுவலகக்காரர் தன் சக ஊழியரிடம் சொன்னார். என் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே ஒட்டுக்கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"என்ன கேட்டது, அண்ணை?" என்றான் அந்த இளைய ஊழியன்.

"பென்டிரைவுக்குக் கொப்பி பண்ணினால் ஃபைலின்ர பூட்டுக் கழண்டிடும், பரவாயில்லையோ எண்டு."

"ஐயோ! காணாமல்போன ஆக்களுக்காக முறைப்பாடு தந்தவையின்ர பேரெல்லே அதில இருக்கு! ஆமி கண்டால் அவையின்ர கதி என்ன?"

"ஒவ்வொரு ஆமிச் சென்றியிலயும் மறிச்சுக் கேட்கேக்க ஓம் எண்டு சொல்லிப் பழகின ஆள் நான், தம்பி."

அவருடைய முறை வந்தது. சிப்பாய் பென்டிரைவைத் தூக்கிப் பார்த்தான்.

"இதிலே பாட்டு இருக்கா?"

"ஓம் சேர்."

"உள்ளே கொம்பியூட்டர் இருக்கு. போட்டுக் கேட்கவா?"

அவருடைய வாய் அதற்கும் "ஓம் சேர்" என்றுவிட்டது.