காற்று இறங்கிய வண்டி

ஃபோனில் கேட்டால் என் குரலுக்கு முப்பது வயதுதான் இருக்கும் என்பார்கள். நேரில் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். நீங்களும் ஏமாந்தீர்கள், இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான்.

அந்தக் குரலுக்காகத்தான் முதலாளி என்னை டிரெய்லர் வண்டிகளைக் கவனிக்கும் வேலையில் போட்டார். வண்டி எங்கே நின்றாலும் டிரைவர் முதலில் என்னைக் கூப்பிட வேண்டும். நான் மெக்கானிக் நல்லகாமனை அனுப்புவேன். அவர் போய்ச் சேரும்வரை டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது. சரக்கு களவு போய்விடும். ரிங் ரோட்டு ஆபீஸில் நான் ஒருத்தி, எங்கோ வெயிலில் டிரைவர் ஒருத்தர். சிலர் முதலாளியைத் திட்டிவிட்டு ஃபோனை வைத்துவிடுவார்கள். அழகுபாண்டி வைக்க மாட்டான்.

"சாப்ட்டீகளாக்கா? என்ன கொழம்பு?" என்பான்.

"ரசம்தான். ஒருத்திக்கு எதுக்குப் பாண்டி குழம்பு?"

"ஒருத்தின்னா நாக்கு செத்தா போச்சு? நல்லா வச்சுச் சாப்டுங்கக்கா."

அன்று சாயங்காலம் வத்தக்குழம்பு வைத்தேன். அம்மா போனபிறகு திருப்பரங்குன்றத்து வீட்டில் குழம்பு கொதித்தது அன்றைக்குத்தான். என் தம்பி சிவராம் பெங்களூரில் இருக்கிறான், தீபாவளிக்குப் பேசுவான். அவன் ஒரு வருஷத்தில் கேட்பதை அழகுபாண்டி ஒரு ஃபோனில் கேட்டுவிடுவான். நாகமலைப் பக்கம் மழை இறங்குவதைச் சொல்வான். ரோட்டை மறித்துப் படுத்துக்கொண்ட எருமைகளைப் பற்றி, "நம்ம முதலாளி மாதிரியேதான்க்கா, ஆரன் அடிச்சாலும் திரும்பாது" என்பான்.

அவன் வண்டியில் காற்று கசிந்துகொண்டிருந்தது. பெரிய வண்டிகளுக்குப் பிரேக் காற்றில்தான் வேலை செய்கிறது. காற்று ரொம்ப இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின்சக்கரங்களைத் தானாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வண்டி நின்ற இடத்தில் நிற்கும். யோசித்துப் பாருங்கள், நின்றுபோகிற கோளாறைவிடப் பத்திரமான கோளாறு உண்டா? நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஒருநாள் நல்லகாமன் குழாயையும் வால்வையும் மாற்றிவிட்டார். அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. ஆபீசுக்கு வருவான், "வண்டி சும்மா பறக்குதுக்கா" என்று சிரிப்பான், டீசல் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஃபோன் மேசைமேல் கிடந்தது. மதியம் என்பது இவ்வளவு நீளம் என்று அதற்குமுன் நான் கவனித்ததில்லை.

கோடையில் கசிவு திரும்ப வந்தது. நான் எதுவும் செய்யவில்லை, தானாகத்தான் வந்தது. நல்லகாமன் புது வால்வு கேட்டார். "முதலாளி அப்புறம் பார்க்கலாம்னுட்டாருண்ணே" என்றேன். முதலாளியிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பார், நல்ல மனிதர். அழகுபாண்டியிடம் வால்வு சென்னையிலிருந்து வரவேண்டும் என்று சொன்னேன். நான் சொன்னதை அவன் நம்புவான்.

மறுபடி கூப்பிட ஆரம்பித்தான். சில நாள் நல்லகாமனுக்கு உடனே தகவல் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பேசிவிட்டுச் சொல்வேன். வெயிலில் இருக்கிறானே என்று எனக்கும் கஷ்டமாக இருக்கும். அதனால்தான் அவனைத் தனியாக விடாமல் பேசிக்கொண்டிருப்பேன்.

டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிடித்துக்கொண்ட பிரேக்கை விடுவிக்கப் பின்னால் ஒரு போல்ட் இருக்கிறது. அதைத் திருகினால் ஸ்பிரிங் பிடியை விட்டுவிடும், வண்டி நகரும். ஓரங்கட்டுவதற்குத்தான் அது. அவசரக்காரர்கள் அப்படியே ஊர்போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அழகுபாண்டி தொட மாட்டான். நான் இருக்கச் சொன்னால் இருப்பான்.

அன்றைக்குச் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு தேனிக்குப் போனான். உசிலம்பட்டி தாண்டி, கணவாய்க்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது.

"அக்கா, நாளைக்கு விடியக்காலம் எந்தங்கச்சி மீனா பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான் மடில உக்கார வைக்கணும். எறக்கிட்டு ராத்திரியே திரும்பணும். நல்லகாமண்ணனை வெரசா அனுப்பிருங்க."

"கிளம்பிட்டார் பாண்டி" என்றேன். நான் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. தோடு எடுத்தாச்சா, என்ன மாதிரி என்று கேட்டேன். சிவப்புக்கல் என்றான். வைத்துவிட்டான். அவன் தானாக வைத்தது அதுதான் முதல் தடவை.

அப்போதாவது நல்லகாமனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், "இம்புட்டு நேரம் கழிச்சா சொல்லுவீக?" என்று கேட்பார். வால்வுப் பேச்சும் வரும். யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

ரொம்ப நேரம் கழித்து அவன் கூப்பிட்டான். "அண்ணன் ஃபோனை எடுக்க மாட்டேங்கிறாரு. பைக்ல வந்துட்டு இருப்பாரு போல. இனிமேலும் நின்னா காதுகுத்துக்குப் போய்ச் சேர முடியாதுக்கா. போல்ட்டத் திருகிட்டு மெதுவா எடுத்துரவா? ஏத்தம் ஏறிரும். எறக்கத்துலதான் ரோசனையா இருக்கு. நீங்க போட்டுப் பாத்து அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஃபோனை மேசைமேல் வைத்தேன். தண்ணீர் குடித்தேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன்.

"அண்ணன் போகலாம்னுட்டார் பாண்டி. மெதுவா இறக்கணுமாம்."

நல்லகாமன்மேல் தப்பில்லை, சார். அவரை விட்டுவிடுங்கள். அன்று முழுக்க நான் அவரிடம் பேசவே இல்லை. பாரம் ஏற்றிய வண்டியைக் காற்றில்லாமல், போல்ட்டையும் திருகிவிட்டுக் கணவாயில் இறக்கினால் பிடிக்க ஒன்றுமே இருக்காது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் இதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவன் கேட்டது ஒரு வார்த்தை. நிற்கச் சொன்னால் நல்லகாமன் கிளம்பவே இல்லை என்று வெளிப்பட்டு, நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரிந்துபோயிருக்கும். அப்புறம் என்னோடு பேசியிருக்க மாட்டான்.

அடிவாரத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்து, அவன் வண்டியில் அடிபட்டுப்போன அந்த அம்மாளின் பெயர் ராமக்காள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். பாவம்.

இறக்கத்தில் அவன் மறுபடி கூப்பிட்டான். காதில் எப்போதும் ஒயர் மாட்டியிருப்பான். "பிடிக்கலக்கா, பிடிக்கல" என்றான். நான் வைக்கவில்லை. சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே அவன் பெண்டாட்டி கனகலட்சுமி உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன். என்னை முறைத்துப் பார்த்தாள். அவள் வருத்தம் எனக்குப் புரிகிறது. கடைசி நேரத்தில் ஒரு மனுஷனுக்கு யார் ஞாபகம் வருகிறதோ அவர்களைத்தானே கூப்பிடுவான். அவன் என்னைத்தான் கூப்பிட்டான்.