ஒயரை அறுக்க வந்தவன்

மங்கை: ...மாடிக்கு இன்னாத்துக்குடா? படம் நல்லாத்தான் வருது.

அசோகன்: பின்னாடி தெருவுல புள்ளி புள்ளியா வருதுன்னு சொன்னாங்க. அதான் உன் வூட்டு லைனையும் ஒரு தபா பாத்துட்டு...

மங்கை: இருவது வருசமா கேபிள் நடத்துறே. கூப்பிடாம ஒரு நாளு வந்தது உண்டா? கூடப் பொறந்த அக்கா வூடு, அதுக்கே நான் போன் மேல போன் போடணும்.

அசோகன்: இப்ப வந்துட்டன்ல.

மங்கை: வந்தே. குந்து. சௌமியா, மாமனுக்கு டீ போடு.

சௌமியா: சரிம்மா.

அசோகன்: டீ வாணாம்க்கா. சீக்கிரம் போவணும்.

மங்கை: ஏன்? என் வூட்ல டீ குடிக்கக் கூடாதுன்னு ஊரு இன்னும் சொல்லலியே.

அசோகன்: அப்படியில்லக்கா.

மங்கை: போன் அடிக்குது பாரு. எடு.

அசோகன்: கெடக்குது வுடு.

மங்கை: தலைவரா?

அசோகன்: யாரோ.

மங்கை: சட்டைக்குள்ள இன்னா முட்டிக்கினு கீது?

அசோகன்: எங்கே?

மங்கை: இடுப்பாண்ட. சினை மீனு வயிறு மாதிரி.

அசோகன்: கட்டிங் பிளேயரு. தொழிலுக்கு வேணும்ல.

மங்கை: தொழிலுக்குன்னா கையில புடிச்சிக்கினு வருவே. ஒளிச்சி வச்சிக்கினு வர மாட்டே.

அசோகன்: யக்கா...

மங்கை: கூட்டம் முடிஞ்சிச்சா?

அசோகன்: முடிஞ்சிச்சு.

மங்கை: இன்னா சொன்னாங்க?

அசோகன்: உனக்குத் தெரியாதா?

மங்கை: எப்படித் தெரியும்? கோயில் வாசல்ல ஊர்க் கூட்டம் நடந்தா பொம்பள அந்தப் பக்கம் நடக்கக் கூடாதே. நீதான் உள்ள இருந்தே. நீ சொல்லு.

அசோகன்: சுப்புராயன் தலைவரு நேரா என்னையே கேட்டாரு. ‘ஆத்துல கம்பெனி பைப்பு போட ஊரே ஒத்துக்கினு எழுதிக் குடுத்தாச்சு. உங்க அக்கா மட்டும் போன்ல மூஞ்சக் காட்டி, ஒத்துக்கலைன்னு சொல்லிக்கினு கீது. ஊர் பேச்ச ஒரு பொம்பள மாத்துமா’ன்னு.

மங்கை: நீ இன்னா சொன்னே?

அசோகன்: தலைய குனிஞ்சிக்கினு நின்னேன்.

மங்கை: பொழைச்சிக்குவே.

அசோகன்: நீ அப்படிப் பேசியிருக்க வாணாம்.

மங்கை: எப்படிப் பேசினேன்? ஆத்துல எறங்கி, சேத்துல குந்தி, கையால தடவி எறா புடிக்கிறது நாங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா, நாங்க இல்லாம அது இன்னா ஊருன்னு கேட்டேன். இதுல எது பொய்யி?

அசோகன்: பொய்யின்னு சொல்லல. போன்ல ஏன் சொன்னே?

மங்கை: கூட்டத்துல சொல்ல வுட்டா போன்ல ஏன் சொல்றேன்?

அசோகன்: எல்லாம் இந்தப் பொண்ணு வேல. காலேஜ் படிச்சிட்டு வூட்ல வாயே தொறக்காது. போன கையில குடுத்தா மட்டும்...

சௌமியா: நான் பேசல மாமா. புடிச்சேன், அவ்ளோதான்.

அசோகன்: புடிச்சத நெட்டுல போட்டது யாரு?

சௌமியா: ...டீ ஆறிடும் மாமா.

மங்கை: அவளை ஏன்டா கேக்குறே? நான் தான் போடச் சொன்னேன். சுத்தி வளைக்காம சொல்லு. எங்கள ஒதுக்கிட்டாங்களா, இல்லியா?

அசோகன்: இன்னிக்கே நான் உன் ஒயரை அறுக்கணுமாம்.

மங்கை: ம்.

அசோகன்: அறுத்த நேரத்துலேருந்து கணக்கு. கடையில சாமான் கெடையாது. தண்ணி லாரியாண்ட உன் கொடம் நிக்கக் கூடாது. யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. பேசினா அவங்க வூட்டு ஒயரையும் அறுக்கணும்.

மங்கை: நீயும் பேசக் கூடாதா?

அசோகன்: நானும்தான்.

மங்கை: அதான் டீ வாணாம்னியா?

அசோகன்: அதுக்கில்ல... எறங்காதுக்கா.

மங்கை: அந்தக் காலத்துல தண்ணிக் கொழாய மூடுவாங்க. நீ கேபிள் இழுத்துக்கினு வந்தே, அப்பால ஒயரை அறுக்க ஆரம்பிச்சாங்க. செங்கொடி வூட்ட ஒதுக்கினப்ப ஞாபகம் கீதா? சீரியல் ஓடிக்கினே இருந்துச்சு. திடீர்னு அந்த வூடு மட்டும் கம்முனு ஆச்சு. தெருவே திரும்பி அவ வாசலைப் பாத்துச்சு. அவ்ளோதான். அந்தக் கம்முனு ஆன சத்தத்துலயே அவ ஒடைஞ்சி போயிட்டா. கால்ல வுழுந்தா. அப்பவும் சேத்துக்கல, நெட்டுக்குப்பத்துல தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டா.

அசோகன்: தெரியும்.

மங்கை: அறுத்தது யாரு?

அசோகன்: நான் தான்க்கா. யாரு இன்னா பண்ணாலும் அறுக்குறதுக்கு என்னைத்தானே கூப்பிடுறாங்க. ஊருக்கு ஒயரு இழுக்கலாம்னு தொழிலுக்கு வந்தேன்.

மங்கை: பாவம்டா நீ.

அசோகன்: கிண்டல் பண்ணாத. ஒரு வழி கீது. என் போன்ல ஒரே ஒரு வரி பேசு. ‘தெரியாம சொல்லிட்டேன், ஊரு சொன்னதுதான் சரி.’ நம்ம லோக்கல் சேனல்ல ஓட வுடுறேன். தலைவரும் சரின்னாரு. ஒயரும் அறுக்க வாணாம், ஒண்ணும் வாணாம்.

மங்கை: இந்த வரிய யாரு ரோசன பண்ணது?

அசோகன்: நான் தான்.

மங்கை: நல்லா கீது. நீயே பேசு.

அசோகன்: வெளாடாதக்கா. மாமா காசிமேட்டு போட்டுல போறாரு, அவரு மேல ஊரு கை வைக்க முடியாது. கடலுக்குப் போனா வர நாளாவுது. நீயும் பொண்ணும் இங்க தனியா இன்னா பண்ணுவீங்க? எறாவ யாரு வாங்குவா?

மங்கை: தலைல தூக்கினு டோல்கேட்டு மார்க்கெட்டுக்குப் போவேன். அங்க சுப்புராயன யாருக்குத் தெரியும்?

அசோகன்: இந்தத் திமிரத்தான் சொல்றாங்க. மண்ணாங்கட்டி தாத்தா செத்த அன்னிக்கும் கூடைய தூக்கினு தெருவுல போனியாமே?

மங்கை: ...போனேன்.

அசோகன்: சாவு வுழுந்தா பொணம் எடுக்குற வரைக்கும் இந்த ஊர்ல யாரும் கூடை தூக்க மாட்டாங்க. நேத்து பொறந்த புள்ளைக்குத் தெரியும். வேணும்னே பண்ணுதுன்னு கூட்டத்துல அதையும் சொன்னாங்க.

மங்கை: சாவு எனக்குத் தெர்லடா.

அசோகன்: சேனல்ல காலையிலேருந்து ஓட்டினேனே. போட்டோவோட.

மங்கை: பாக்கல.

அசோகன்: உன் வூட்ல டிவி ஓடாத நேரம் எது?

சௌமியா: அன்னிக்குக் கரண்டு இல்ல மாமா.

அசோகன்: தெரு பூரா கரண்டு இருந்துச்சு. உங்க வூட்ல மட்டும் இல்லியா?

மங்கை: வுடு. அந்தத் தப்பு என்னுதுதான். மறுநாளே அவங்க வாசல்ல போயி நின்னு மன்னிப்பு கேட்டேன். அந்த வூட்டாண்ட கேப்பேன். சுப்புராயனாண்ட கேக்க மாட்டேன். மறுபடி போன் அடிக்குதே, எடுத்துத் தொலையேன்.

அசோகன்: அடிக்கட்டும்.

மங்கை: தெரு ஏன் இப்படி கம்முனு கீது? இந்நேரத்துக்கு எல்லா வூட்டு டிவியிலயும் சீரியல்ல ஒருத்தி அழுதுகினு இருப்பாளே.

அசோகன்: காத்து அந்தப் பக்கம் அடிக்குது. ...அக்கா, கடைசியா கேக்குறேன். பேசுறியா, மாட்டியா?

மங்கை: மாட்டேன்.

அசோகன்: நான் சொல்றதுக்கோசரமாவது?

மங்கை: நீ சொல்றதுக்கோசரம் எத்த வேணா பண்ணுவேன். எறா புடிக்கல, சேத்துல எறங்கலைன்னு சொல்லச் சொல்றியே, அது வராதுடா. வாய்ல வராது.

அசோகன்: அப்ப நான் மாடிக்குப் போறேன்.

மங்கை: போ. நாங்களும் வரோம். சௌமியா, டார்ச் எடு.

சௌமியா: படியில வலை கெடக்குது மாமா. பாத்து.

அசோகன்: நீங்க ஏன் வரீங்க? அறுக்குறத வேடிக்க பாக்கவா?

மங்கை: மொத ஒயரு கட்டினப்பவும் நான் தான் ஏணிய புடிச்சிக்கினு நின்னேன். நீ மேல நின்னுகினு பயந்து கத்தினே.

அசோகன்: நான் எங்க கத்தினேன்?

மங்கை: ‘யக்கா வுட்டுடாத, யக்கா வுட்டுடாத’ன்னு. எண்ணூர் பூரா கேட்டுச்சு.

அசோகன்: டார்ச்ச இப்படி அடி, சௌமியா.

மங்கை: இன்னா தேடுறே? அந்தக் கம்பியாண்ட பாரு.

அசோகன்: ஒயரு முனையில பிளாஸ்டிக் கவரு சுத்தி கீது.

மங்கை: உப்புக் காத்துல்ல? வெட்டின முனை வீணாப் போயிடும். உன் பொருளாச்சேன்னு கட்டி வச்சேன்.

அசோகன்: யாரு வெட்டினது?

மங்கை: நான் தான். மீன் வெட்டுற அருவாமனையால.

அசோகன்: எப்ப?

மங்கை: வீடியோ போட்ட மறுநாளு காலையில. அடுத்து இன்னா பண்ணுவாங்கன்னு தெரியாதா எனக்கு? எவனோ வந்து என் வூட்ட கம்முனு ஆக்குறதுக்கு முன்னாடி நானே அறுத்துட்டேன். தாத்தா சாவு சேனல்ல ஓடினது அதான் தெர்ல.

அசோகன்: அப்ப கீழ டிவியில படம் நல்லா வருதுன்னியே?

சௌமியா: அந்த மூலையில மூடி வச்ச வலைய தூக்கிப் பாருங்க மாமா.

அசோகன்: டிஷ் குடை.

சௌமியா: மாசா மாசம் கட்டத் தேவையில்லாதது. வானத்துல சேட்டிலைட் நிக்குற எடத்துக்கு நேரா திருப்பி வுட்டா போதும். கடல் பக்கம், கொஞ்சம் தெக்கால, நல்லா மேல பாத்து.

அசோகன்: யாரு திருப்பினது?

சௌமியா: நான் தான். நட்டு துருப்புடிக்காம போட்டுக்குத் தடவுற கிரீஸ் போட்டுருக்கேன்.

அசோகன்: வாயத் தொறக்காத பொண்ணு பாரு.

மங்கை: சீரியல் மட்டும் இதுல வராது. அத்த மறுநாளு போன்லேருந்து டிவிக்குத் தள்ளி வுடுறா. விளம்பரம் கம்மி. ஒரே பேஜாரு, தண்ணி லாரியாண்ட பொம்பளைங்க முன்னாடியே கதைய சொல்லிடுறாளுங்க. பாத்துட்ட மாதிரி நானும் தலைய ஆட்டுறேன்.

அசோகன்: என் வயித்துலயே அடிச்சிட்டு சிரிப்பு வேற. பசங்க எல்லாம் போன்ல பாக்குதுங்க, பாதி பேரு கேபிளே வாணான்றாங்க. இப்ப சொந்த அக்காவும்.

மங்கை: ஒயரு மேல எனக்குக் கோவம் இல்லடா. அத்த வச்சி எங்க கழுத்தப் புடிக்கிறாங்கல்ல, அது மேலதான். இப்ப நீ ஒண்ணு சொல்லு. ஒயரு அறுந்த நேரத்துலேருந்து கணக்குன்னியே?

அசோகன்: ஆமா.

மங்கை: அறுந்த வூட்டோட பேசினா அவங்க ஒயரையும் அறுக்கணும்?

அசோகன்: ஆமா.

மங்கை: சுப்புராயன் பொண்டாட்டி பூவம்மா முந்தாநேத்துதான் என்னாண்ட எறா வாங்கிச்சு. ‘சாப்ட்டியாடி’ன்னு கேட்டுச்சு. சுப்புராயனே டீக்கடையாண்ட நிறுத்தி, பொண்ணுக்கு வேல கெடச்சிச்சான்னாரு. பேசாத வூடு எது இந்த ஊர்ல? போ. எல்லார் வூட்டு மாடிக்கும் ஏறு. எல்லா ஒயரையும் அறு.

அசோகன்: நீயா அறுத்தது கணக்குல வராதுன்னுவாங்க.

மங்கை: சொல்லட்டும். அறுக்க ஒயரே இல்லாத வூட்ட எப்படி ஒதுக்குறதுன்னு அதையும் சேத்து சொல்லட்டும். இன்னாடா, சிரிக்கிறே?

அசோகன்: ஒண்ணுமில்ல.

மங்கை: கண்ண தொடைச்சிக்கினு சிரிக்கிறே.

அசோகன்: உப்புக் காத்து.

மங்கை: தலைவராண்ட போயி, அறுந்துடுச்சுன்னு சொல்லு. பொய்யும் இல்ல. அதோட... நீ இனிமே இங்க வராத. உன் பொண்டாட்டி புள்ளைங்களையும் சேத்து ஒதுக்குவாங்க. தெருவுல என்னைப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கோ. நான் தப்பா நினைக்க மாட்டேன்.

அசோகன்: அவ்ளோதானா?

மங்கை: அவ்ளோதான். எறங்கு.

சௌமியா: அம்மா.

மங்கை: நீ ஏண்டி அழுவுறே?

சௌமியா: அழுவல. கீழ பாருங்க. தெருவுல எல்லாரும் வாசல்ல வந்து நிக்குறாங்க. எல்லா வூட்லயும் லைட் எரியுது. ஆனா ஒரு வூட்லயும் டிவி ஓடல.

மங்கை: பூவம்மா கூட வெளிய நிக்குதே... டேய், அசோகா. அப்போலேருந்து உன் போன் எதுக்குடா இப்படி அடிச்சிக்கினே கீது?

அசோகன்: ‘டிவி போச்சு’ன்னு ஊரே கூப்புடுது, வேற இன்னாத்துக்கு? போன வாரம் பக்கத்து மாடியில லைன் பாக்க ஏறினப்பவே நீ சுத்தின கவரையும் அது மேல போட்ட முடிச்சையும் பாத்துட்டேன், அப்பா வலைக்குப் போடுற முடிச்சு அது, நம்ம வூட்ட வுட்டா யாருக்கும் வராது. கூட்டம் முடிஞ்சதும் நேரா என் கேபிள் ரூமுக்குப் போயி, ஊருக்கு வர மெயின் ஒயரையே அறுத்துட்டுத்தான் இங்க வந்தேன். நீ அந்த ஒரு வரியப் பேசியிருந்தா திரும்பப் போயி சேத்து வுட்டிருப்பேன். இப்ப எல்லா வூடும் அறுந்த வூடுதான், யாரு யாரோட பேசக் கூடாதுன்னு அவங்களே கூடிப் பேசிக்கட்டும்... சௌமியா, ஆறிப் போயிருந்தாலும் பரவால்ல, அந்த டீய எடுத்தா கண்ணு.