கெமிஸ்ட்ரியில் ஐந்து

— போட்டோவும் வேண்டாம், பேனரும் வேண்டாம். என் பேரை ஸ்கூல் வாசல்ல தொங்க விடாதீங்க ஸ்டாம்பர் சார்.

— மார்லி, நான் சொல்றதக் கேளு. பிரின்சிபல் லீவுல ஒரு பிள்ளையக் கூப்பிட்டா திட்டறதுக்குத்தான்னு நினைக்காத. ஏ.பி. கெமிஸ்ட்ரில அஞ்சுக்கு அஞ்சு வாங்கியிருக்க. காலேஜ் பாடம் அது. மூணு வாங்கினாலே பாஸு. கென்டக்கில இந்த மலைப்பக்கம் அஞ்ச யாரும் கண்ணால பாத்ததில்ல.

— வாங்கினேன். இங்க படிச்சா வாங்கினேன்?

— அதுதான் எனக்கும் புரியல. காலைல கம்ப்யூட்டரத் திறந்தா எல்லா மார்க்கும் வந்து கிடக்கு. மார்லி டேக்கெட், கெமிஸ்ட்ரி, அஞ்சு. ராட்லிஃப் சாருக்கு போன் போட்டேன். அந்தப் பொண்ணு என் வகுப்புலயே கிடையாதேங்கறாரு.

— எப்படி இருப்பேன்? அவர் கையெழுத்துப் போட்டாத்தானே அந்த வகுப்புக்குள்ள காலு வைக்க முடியும். கேட்டுப் போனேன். சி கிரேடு பிள்ளைக்கு இது தாங்காதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு. கோராலிக்கும் அதே பதில்தான்.

— எந்தக் கோராலி?

— கோராலி ஹென்ஸ்லி சார். பெட்ரோல் பங்க்ல ராத்திரி வேலை பாக்கறாளே.

— ஓ, வகுப்புல தூங்குவாளே, அவளா.

— விடியவிடிய நின்னுட்டு வர்றவ தூங்காம டான்ஸா ஆடுவா?

— சரி சரி. நீ எங்கதான் எழுதின?

— மலைக்கு அந்தப் பக்கம், அடுத்த மாவட்டத்து ஸ்கூல்ல. வெளிப் பிள்ளைங்களையும் அங்க உக்கார வைக்கிறாங்க. லைப்ரரில புத்தகம் எடுத்து, நானும் கோராலியும் துணி துவைக்கிற கடையில மெஷின் சத்தத்துல உக்காந்து படிச்சோம். பரீட்சைக்கு நான் மட்டும் போனேன். அவளுக்கு பங்க்ல லீவு கிடைக்கல. எந்த ஸ்கூல் பிள்ளைன்னு அங்க கேட்டாங்க. பொய்யா சொல்ல முடியும்? இந்த ஸ்கூல்னேன்.

— அவ்வளவுதான் விஷயம். எங்க உக்காந்து எழுதினாலும் சரி, மார்க்கு பிள்ளை படிக்கிற ஸ்கூலுக்குத்தான் வந்து சேரும். அப்ப இது நம்ம அஞ்சு.

— நம்மன்னா யாரு சார்? உள்ள வராதன்னு சொன்னவங்களும் நம்மளா?

— கோவப்படு, தப்பில்ல. ஆனா என் நிலைமையையும் பாரு. போன வருஷ மார்க்கெல்லாம் ஒண்ணும் ரெண்டுமா வந்துச்சு. ஸ்கூல் போர்டு மீட்டிங்ல என்னைய நிக்க வச்சுக் கேட்டாங்க, இந்த வகுப்பே எதுக்குன்னு. பாஸ் பண்ற பிள்ளையா பாத்து எடுங்கன்னு நான்தான் ராட்லிஃப்கிட்ட சொன்னேன். இருவது வருஷம் ஃபுட்பால் கோச்சா இருந்தவன்மா நான். தோக்கிற டீம எவனாவது மைதானத்துல இறக்குவானா?

— போன சீசன்ல நம்ம டீம் ஒரு மேட்ச்சாவது ஜெயிச்சுதா?

— அது வேற.

— ஒண்ணுகூட இல்ல. டீமக் கலைச்சீங்களா? வெள்ளிக்கிழமை தவறாம லைட்டப் போட்டீங்க, பேண்டு வாசிச்சாங்க, ஊரே வந்து உக்காந்து கத்துச்சு. நானும்தான் தொண்டை கிழியக் கத்தினேன். தோத்துத் தோத்துத்தான் பசங்க விளையாடக் கத்துப்பாங்கன்னு மைக்கப் பிடிச்சுச் சொன்னது யாரு?

— உங்கப்பா வாய் அப்படியே வந்திருக்கு உனக்கு.

— கெமிஸ்ட்ரில தோக்கிறதுக்கு மட்டும் ஏன் சார் கையெழுத்து வேணும்?

— மார்லி, நான் சொல்றதக் கேளு. உனக்கு என்ன வேணும்? வர்ற வருஷம் ஏ.பி. பிசிக்ஸ்ல முதல் இடம் உனக்கு. போதுமா?

— எனக்கு எதுவும் வேண்டாம். ராட்லிஃப் சார் கையெழுத்த எடுத்துடுங்க. கெமிஸ்ட்ரி வேணும்னு யாரு வந்து கேட்டாலும் சேத்துக்கணும். நான் கேக்கிறது அது ஒண்ணுதான்.

— அது நடக்காது. ஆவரேஜ் படுத்துடும்.

— அப்ப இந்த அஞ்சும் உங்களுக்குக் கிடையாது.

— அது உன் கையில இல்லம்மா. மார்க்கு வந்தாச்சு, ஸ்கூல் கணக்குல ஏறியாச்சு.

— இறக்கலாம். எழுதினவங்க கையெழுத்துப் போட்டு பரீட்சை நடத்தறவங்களுக்கு அனுப்பினா மார்க்க அழிச்சிடுவாங்க. உங்ககிட்டயும் இருக்காது, காலேஜுக்கும் போகாது. அழிச்சா அழிச்சதுதான், திரும்ப வராது. விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.

— பைத்தியமா உனக்கு? அந்த அஞ்சு இருந்தா காலேஜ்ல ஒரு பாடமே படிக்க வேண்டாம்.

— இன்னொரு தடவ படிச்சுட்டுப் போறேன். படிச்சதெல்லாம் என் மண்டையிலதானே இருக்கு, அத யாரு அழிப்பா?

— சும்மா மிரட்டற.

— உங்க பேனாவக் குடுங்க. தபாலாபீஸ் எதிர்லதான் இருக்கு.

— உக்காரு.

— குடுங்க சார்.

— உக்காருன்னேன். எனக்கு பயமா இருக்கு, போதுமா? பேப்பர்ல ஸ்கூல் மார்க் லிஸ்ட்டு வரும்போதெல்லாம் நாமதான் கடைசி. கடைக்குப் போனா பில் போடறவன்கூடக் கேக்கிறான். ஒரே ஒரு அஞ்சு. ஒரு வருஷமாவது தலை நிமிந்து நடப்போம்னு பாத்தேன்.

— எனக்கும் அதே ஆசைதான் சார். போன வருஷம் ராட்லிஃப் சார் ரூம்ல இருந்து நானும் கோராலியும் எப்படித் தலையத் தொங்கப் போட்டு வெளிய வந்தோம்னு நீங்க பாக்கல.

— அந்த போனை இப்படித் தள்ளு.

— என்ன சார்?

— இரு, உன் முன்னாடியே பேசறேன். ராட்லிஃப்? ஸ்டாம்பர் பேசறேன். வர்ற வருஷம் ஏ.பி. கெமிஸ்ட்ரிக்கு உன் கையெழுத்து வேண்டாம். கேக்கிறவங்க எல்லாரையும் சேத்துக்க. ஆமாய்யா, சி கிரேடும்தான். ஆவரேஜ் விழட்டும், போர்டுல நான் வாங்கிக் கட்டிக்கறேன். இல்ல, கேக்கல, சொல்றேன். இன்னைக்கே வெப்சைட்டுல போட்டுடறேன். வைக்கிறேன்.

— தேங்க்ஸ் சார்.

— எம் பேத்தி வயசு உனக்கு, இந்தப் பாடு படுத்தற. மார்க்க அழிக்க மாட்டியே?

— மாட்டேன்.

— வியாழக்கிழமை போட்டோ. நீலச் சட்டை போட்டுட்டு வா. அப்புறம் ஆகஸ்ட்ல பிசிக்ஸ் வகுப்புல முன் வரிசையில உக்காந்து, எனக்கு இன்னொரு அஞ்சு வாங்கிக் குடுத்துடு.

— ஆகஸ்ட்ல நான் இங்க இருக்க மாட்டேன் சார். அப்பாவுக்கு ஒஹையோல வேலை கிடைச்சிருச்சு, சனிக்கிழமை கிளம்பறோம்.

— அப்ப இவ்வளவு நேரம் யாருக்காக மல்லுக்கட்டின?

— கோராலிக்காக. நர்ஸ் படிப்புக்குப் போகணும்னு இருக்கா, அங்க கெமிஸ்ட்ரிதான் ஆளக் கவுக்கும். ஒரு தடவ இங்கயே விழுந்து எழுந்துட்டா அங்க பயப்பட மாட்டா. ஆனா அவ அஞ்சுக்கு ஒண்ணுதான் வாங்குவா சார். என் அஞ்ச ஆசையா வாங்கிக்கிட்டீங்களே, அதையும் அப்படியே வாங்கிக்கணும்.