ரினெல்லா துறையில் பதினேழு நிமிடம்

நவம்பர் மாதம் 22ஆம் தேதி காலை பத்து மணிக்கு, சலீனா தீவுக் காவல் நிலையத்தில், நிலையப் பொறுப்பதிகாரி அம்மையார் கேட்க நான் சொல்லிப் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் நூன்ஸியோ ஸகாமி. தகப்பனார் பெயர் காலஞ்சென்ற ஆஞ்செலோ. வயது எழுபத்தொன்று. கடலுக்கு அப்பால் மிலாட்ஸோ துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். அந்தத் துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் கப்பல்களைக் கயிறு பிடித்துக் கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் பிடித்த கயிற்றையெல்லாம் ஒன்றாக முடிச்சுப் போட்டால் சந்திரனுக்குப் போய்த் திரும்பி வந்து மிச்சத்தில் துணி காயப்போடலாம். இதை எழுத வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். தொழில் விவரம் கேட்டீர்கள், சொன்னேன் என்றேன். எழுதப்பட்டது.

இறந்துபோன பார்த்தொலோ என் தங்கை அஸுந்தாவின் கணவன். வயது எழுபத்து நான்கு. இந்தத் தீவில் மீன்பிடிப் படகு வைத்திருந்தவன். நாற்பத்தாறு வருடப் பழக்கம் என்பதால் எனக்கு அவன் இவன் என்றுதான் வரும். புகார் கொடுத்த மிர்கோ இவர்களுடைய ஒரே மகன், எனக்கு மருமகன், வடக்கே டுரின் நகரத்தில் வேலை. சுயநினைவு இல்லாத, ஒருவேளை உயிரே இல்லாத தன் தகப்பனை, செவிலி லெத்தேரியாவின் துணையோடு நான் மருத்துவ விடுதியிலிருந்து திருடி, கப்பலில் மூட்டை மாதிரி ஏற்றிக்கொண்டு போனேன் என்பது அவன் புகார்.

அக்டோபர் 3ஆம் தேதி பார்த்தொலோவுக்கு நுரையீரல் மோசமாகி மிலாட்ஸோவில் ஒரு மருத்துவ விடுதியில் சேர்த்தார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து, அவனுக்குச் சட்டைகள் எடுத்து வைக்கப் போன அஸுந்தா படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அதன்பிறகு அவளால் கடலைத் தாண்ட முடியவில்லை. தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு அவனுக்கு அதற்கும் மூச்சு போதவில்லை. அவள் மட்டும் பேசுவாள், இவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

நவம்பர் 10ஆம் தேதி மருத்துவர் இன்னும் சில நாள்தான் என்றார். அசைக்கக் கூடாது என்று மிர்கோ டுரினிலிருந்து சொன்னான். அன்று மதியம் நான் போயிருந்தபோது பார்த்தொலோ என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், இந்தச் சுவரப் பாத்துக்கிட்டு சாக மாட்டேன். அவ மூஞ்சியப் பாக்கணும். கொண்டுபோய்ச் சேத்துடு" என்றான். சேர்த்துவிடுகிறேன் என்றேன். தன் விருப்பத்தின் பேரில் வெளியேறுவதாகத் தாளில் அவனேதான் கையெழுத்துப் போட்டான். எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் கை நடுக்கம். லெத்தேரியா தாளைப் பிடித்துக்கொண்டாள், கையைப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு நான் திட்டம் போட்டேன். மீன்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் பதினான்கு வரி. ரோமாபுரிப் படைகள் ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டியபோதுகூட இப்படி ஒரு திட்டம் இருந்திருக்காது, இருந்திருந்தால் பாதிக் கப்பல் புயலில் மூழ்கியிருக்காது. விரைவுப் படகில் படி உண்டு, சக்கர நாற்காலி ஏறாது, ஆகவே சாய்தளம் உள்ள பெரிய கப்பல். காலை ஏழு மணி. முன்வாசலில் போனால் மிர்கோவுக்குத் தகவல் போய்விடும், ஆகவே ரொட்டி வண்டி நிற்கும் பின்வாசல். கம்பளி இரண்டு, வெந்நீர்ப் பை ஒன்று, தீவு முதலில் கண்ணில் படும் பக்கத்தில் சன்னலோரம். ஒன்பதாவது வரியில், அஸுந்தா காலை பத்தே காலுக்கு சாந்தா மரீனா துறையில் நிற்க வேண்டும் என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

சலீனாவுக்கு இரண்டு துறை. கிழக்கே சாந்தா மரீனா, தெற்கே ரினெல்லா. எதில் கட்டுவது என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். இந்தத் தீவில் யாரும் பயணம் கிளம்பும் காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி, "இன்னிக்கு எந்தத் துறை?" என்பது. என் பதினான்கு வரியில் அந்தக் கேள்வி இல்லை. முப்பத்தெட்டு வருடம் காற்றைப் பார்த்துக் கயிறு பிடித்தவன் நான்.

நவம்பர் 14ஆம் தேதி காலை ஆறு இருபதுக்கு லெத்தேரியா பின்வாசலைத் திறந்தாள். பார்த்தொலோவுக்கு நினைவு இருந்தது. அவளிடம், "பொண்ணே, உன் காப்பி கடைசி வரைக்கும் நல்லா வரல" என்றான். அவள் அழுதுகொண்டே அவன் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டாள். ஏழு மணிக்குக் கப்பல் கிளம்பியது. கடல் அசைவில்லாமல் இருந்தது. நான் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தேன்.

ஒன்பது பத்துக்கு வழியில் உள்ள லீப்பரித் தீவில் கட்டினார்கள். காற்று மாறும்போது கயிறு இழுபடுமே, அந்தச் சத்தம் கேட்டது. எனக்கும் கேட்டது என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். பார்த்தொலோ கண்ணைத் திறக்காமல், "மச்சான், கிரெகாலே கிளம்பிருச்சு" என்றான். அது வடகிழக்கிலிருந்து வரும் காற்று. "சாந்தா மரீனாவுல கட்ட மாட்டான். ரினெல்லாவுக்குத்தான் போவான். அவளுக்கு போன் போட்டு அங்க வரச் சொல்லு."

"கம்பளிக்குள்ள கெடந்துக்கிட்டு காத்தப் பத்திப் பேசாத. கடல் எண்ணெய் மாதிரி கெடக்கு."

"எண்ணெயா? எடுத்து உன் மொட்டைத் தலையில தடவிக்க."

பக்கத்தில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்த கப்பல் ஊழியர் தீனோ இதைக் கேட்டுச் சிரித்தார். அவரை விசாரித்தால் சொல்வார். ஒன்பதரைக்குக் கப்பல் லீப்பரியை விட்டது. தொலைபேசி என் பையில் இருந்தது. நான் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று அதிகாரி கேட்டார். காற்று விஷயத்தில் அவன் சொல்லித் தப்பியதில்லை. நாற்பத்தாறு வருடமாக நான் அதை ஒப்புக்கொண்டதுமில்லை. தவிர, திட்டத்தில் சாந்தா மரீனா என்று இருந்தது. வேறு காரணம் இல்லை.

பத்து ஐந்துக்கு சாந்தா மரீனா தெரிந்தது. அலை துறைச் சுவரைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு பெப்பினோவின் மூன்று சக்கர வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு ஊன்றுகோலோடு நீல மேலங்கியில் ஒரு உருவம் நின்றது. கப்பல் நெருங்கிப் போய், பிறகு திரும்பியது. ரினெல்லாவுக்குப் போகிறோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பார்த்தொலோ சன்னல் வழியாக அந்த நீல மேலங்கியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பத்து பத்துக்கு நான் அவளுக்குத் தொலைபேசி போட்டேன். மலையைச் சுற்றி அந்த வண்டியில் வர முக்கால் மணிக்குக் குறையாது. ஒன்பதரைக்குச் சொல்லியிருந்தால் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள்.

பத்து நாற்பதுக்கு ரினெல்லாவில் தீனோவும் நானும் நாற்காலியைத் தள்ளி இறக்கினோம். பார்த்தொலோவுக்கு மூச்சு இருந்தது. வந்துட்டாளா என்று கேட்டான். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். பத்து நாற்பத்தெட்டுக்கு மறுபடி கேட்க வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அதோடு முடிந்தது. துறைக் கடிகாரத்தைப் பார்த்தேன். கப்பல் போய்விட்டது. அங்கே வேறு யாரும் இல்லை.

அதன்பிறகு அவன் தலையைச் சாய்த்துக் கம்பளியை மோவாய் வரை இழுத்துவிட்டேன். வலது கையை வெந்நீர்ப் பையின் மேல் வைத்து மூடினேன். பை ஆறத் தொடங்கியதும் அந்தக் கையை என் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டேன். பதினேழு நிமிடம் அப்படியே இருந்தேன். இந்த எண்ணில் நான் எதையும் கூட்டவில்லை.

பதினொன்று ஐந்துக்கு அஸுந்தா வந்தாள். பெப்பினோ வண்டியைத் திருப்பி நிறுத்தப் போனார்.

"தூங்குறாராண்ணே?"

"இப்பத்தான் கண்ண மூடினான். பேசு, கேக்கும்."

அவள் வலைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துக்கொண்டாள். "கை சூடாத்தான் இருக்கு. இந்த மீசைய எவன் வெட்டினான்? பூனைக்கு வெச்ச மாதிரி இருக்கு. வீட்டுக்கு வாங்க, நான் சரி பண்றேன். கேப்பர் ஊறுகாய் ஜாடி மூடி இறுகிக்கிச்சு, நாப்பது நாளா தெறக்க ஆளில்ல" என்றாள். இன்னும் சில பேசினாள், அவை கணவன் மனைவி பேச்சு என்பதால் சொல்ல மாட்டேன். பதினொன்று ஏழுக்கு நான், போயிட்டான்மா என்றேன். பிறகு வந்த ஆம்புலன்ஸ் மருத்துவர் நேரம் கேட்டார். பதினொன்று ஏழு என்றேன். அவர் அதையே எழுதினார். அது பொய்.

தன் விரலைப் பார்த்தொலோ இரண்டு தடவை அழுத்தினான் என்று அஸுந்தா அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே சொல்கிறாள்.

கப்பல் ரினெல்லாவை விடும்போது நாற்காலியில் அசைவைப் பார்க்கவில்லை என்று தீனோ சொல்லியிருப்பதாகவும், சான்றிதழில் பதினொன்று ஏழு என்று இருப்பதாகவும், இதில் பொய் சொன்னவன் விடுதியிலிருந்து உயிரோடுதான் கூட்டிவந்தேன் என்று சொல்வதை எப்படி நம்புவது என்று மிர்கோ கேட்பதாகவும் அதிகாரி சொன்னார். சரியான கேள்வி. என்னை நம்பாவிட்டால் லெத்தேரியாவுக்கு வேலை போகும், வழக்கும் வரும். அவள் திறந்த கதவு வழியாகப் பேசிக்கொண்டு போனவன்தான் பார்த்தொலோ. என் ஒரு பொய்யால் அவள் கெடக் கூடாது என்பதற்காகவே உண்மையான நேரத்தை இங்கே சொல்கிறேன்.

லீப்பரியில் தொலைபேசி போடாததற்குச் சட்டத்தில் என்ன பிரிவு என்று கேட்டேன். அது குற்றமாகாது என்று அதிகாரி சொன்னார். இருந்தாலும் எழுதச் சொன்னேன்.

இந்த வாக்குமூலத்தின் நகல் சட்டப்படி மிர்கோவுக்குப் போகும் என்றும், அவன் இப்போது தாயோடு தங்கியிருக்கிறான் என்றும், தன்னால் அதைத் தடுக்க முடியாது என்றும் அதிகாரி சொன்னார். அப்படியானால் ஒரு வரி சேர்க்கக் கேட்டேன். மருமகனே, உன் அப்பன் விருப்பப்பட்டுத்தான் கிளம்பினான். அவளைப் பார்த்தான், கப்பல் சன்னலிலிருந்து, அவ்வளவுதான். உன் மாமனை என்ன வேண்டுமானாலும் செய். இதைப் படிக்கும்போது மட்டும் வாய்விட்டுப் படிக்காதே.

மேலே கண்டவை யாரும் மிரட்டாமல், ஆசை காட்டாமல் நானாகச் சொன்னவை. வாசித்துக் காட்டக் கேட்டேன். நேரங்கள் எல்லாம் சரி.

(ஒப்பம்) நூன்ஸியோ ஸகாமி